ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

குடியரசு தின அணிவகுப்பில் டாங்கிகள் வரிசையாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். புது வர்ணம், துடைத்து வைத்த சக்கரங்கள், சங்கிலிப் பட்டையில் ஒரு பொட்டு மண் இருக்காது. அதே வண்டி பத்து நாள் பயிற்சித் திடலில் ஓடிய பிறகு பார்த்தால் அடையாளம் தெரியாது. ராணுவ வண்டிகளைச் சிறிய அளவில் செய்து பார்க்கும் எனக்கு அந்தப் பத்து நாள் கழித்து நிற்கும் வண்டிதான் பிடிக்கும். அதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் தமியா நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பாந்தர் டாங்கியை பிளாஸ்டிக் மாதிரியாகக் கொண்டுவந்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கவேண்டும் என்பதை வைத்து அளவை முடிவு செய்தார்கள். அது அசலில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்காக அமைந்தது. பேட்டரிக்காக வந்த அந்தக் கணக்கையே பின்னால் மற்ற நிறுவனங்களும் பிடித்துக்கொண்டன. நம் ராணுவம் 1971 போரில் ஓட்டிய டி-55 டாங்கியின் உடல் ஆறரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். மாதிரியில் அது 18 சென்டிமீட்டர்தான். பக்கத்தில் நிற்கும் சிப்பாய் ஐந்து சென்டிமீட்டர் உயரம் இருப்பார்.

பாகங்களை வெட்டி, தேய்த்து, ஒட்டுவது பொறுமை இருந்தால் யாருக்கும் வந்துவிடும். வர்ணம் அடித்த பிறகு தொடங்கும் வெதரிங் வேலைதான் கடினம். வெயில், மழை, மண், எண்ணெய், மனிதக் கால்கள் எல்லாம் அந்த வண்டிமேல் விட்டுச்சென்ற தடத்தைத் தூரிகையால் கொண்டுவரவேண்டும். இங்கே பலர் அவசரப்பட்டுக் கண்ட இடத்தில் கறுப்பையும் பழுப்பையும் தடவிவிடுகிறார்கள். என்னிடம் கற்க வரும் பிள்ளைகளிடம் நான் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பேன்: இந்தக் கறை இங்கே எப்படி வந்தது?

டி-55-ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் புகைக்குழாய் இடதுபக்க மட்கார்டின் பின்பகுதியில் திறக்கிறது. ஆகவே புகைக்கரி இடதுபுறம்தான் படியும். வலதுபக்க மட்கார்டின்மேல் தட்டையான டீசல் தொட்டிகள் இருக்கின்றன. நிரப்பும்போது மூடியைச் சுற்றி டீசல் சிந்தும். அதில் தூசி ஒட்டி, ஓரம் மங்கிய கரும்பழுப்பு வட்டமாக நிற்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி அழுக்காக்கியவர் அந்த வண்டியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். படையினர் ஏறி இறங்கும் இடத்திலும், மேல்மூடியின் விளிம்பிலும்தான் வர்ணம் உரியும். யார் காலும் படாத பக்கச் சுவரின் நடுவில் ஏன் உரியவேண்டும்? சங்கிலிப் பட்டை ஓர் இரவு ஈரத்தில் நின்றாலே பழுப்பேறிவிடும். ஆனால் தரையில் உரசும் இடங்கள் ஓடியவுடன் பளபளக்கும். அதற்குப் பென்சில் கரியை விரலால் தேய்த்தால் போதும். எம்-113 கவச வண்டியின் உடல் அலுமினியம். அதில் செம்பழுப்புத் துரு வழிந்திருந்தால், எவ்வளவு அழகாகத் தீட்டியிருந்தாலும் அது தப்பு.

மண்ணும் அப்படித்தான். 1971 டிசம்பரில் கிழக்கு வங்காளத்தில் நம் டி-55-களும் பிடி-76 என்ற இலகுரக டாங்கிகளும் வண்டல் சேற்றில் போயின. அதே நாட்களில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் பாகிஸ்தானின் டைப்-59 டாங்கிகள் மணலில் சிக்கின. இந்த டைப்-59, டி-55-க்கு நெருங்கிய உறவு. தூரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். குழப்பம் வரக்கூடாது என்று நம் படையினர் தங்கள் டாங்கிகளின் பீரங்கிக் குழல் நடுவில் ஒரு போலி உருளையைப் பொருத்தினார்கள். இந்திய வண்டி செய்கிறவர் அந்த உருளையைத் தானே செய்து சேர்க்கவேண்டும். வங்கச் சேறு சக்கரங்களுக்கிடையே அப்பி, காயும்போது ஓரத்தில் வெளுத்து, உள்ளே கறுத்தே இருக்கும். பாலைவனத் தூசி எங்கும் மெல்லிய படலமாக ஏறும், மூலைமுடுக்குகளில் தங்கும், கை பட்ட இடத்தில் மட்டும் விலகியிருக்கும்.

துருவைப் படிக்க மும்பையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ரே ரோடு நிலையத்துக்கு அருகே தாருகானாவில், உடைத்த கப்பல்களின் இரும்புத் தகடுகள் குவிந்து கிடக்கும். ஒரு தகட்டின் முன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். புதிதாக வெட்டிய விளிம்பில் துரு ஆரஞ்சு நிறம். பழைய பரப்பில் காப்பிக்கொட்டை நிறம். வர்ணம் உப்பி வெடித்த இடத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். ஆணித் தலைக்குக் கீழே மழைநீர் இழுத்த கோடு மேலே அடர்ந்து, கீழே வர வர மெலிந்து மறையும். ஒரே பழுப்பு டப்பாவைத் திறந்து தடவுகிற கைக்கு அந்தத் தகடு நல்ல ஆசான்.

செய்முறையில் எனக்குப் பிடித்தது ஹேர்ஸ்பிரே முறை. துரு நிறத்தை முதலில் அடித்து, அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் பூசி, அது காய்ந்ததும் அக்ரிலிக் பச்சையை அடிக்கவேண்டும். பிறகு தண்ணீரில் நனைத்த தூரிகையால் மெல்ல உரசினால் அடியிலுள்ள ஸ்பிரே கரைந்து, பச்சை சில்லுச்சில்லாகப் பெயரும். கையால் வரைந்து அந்த இயல்பைக் கொண்டுவர முடியாது. அடுத்தது வாஷ். ஆயில் வர்ணத்தை நிறையத் தின்னர் விட்டு நீர்க்கச் செய்து ஆணிகளைச் சுற்றியும் இடுக்குகளிலும் ஓடவிடுவது. கறுப்பு வேண்டாம், அடர்பழுப்பே போதும். தூசிக்கு, சாக் பாஸ்டல் என்ற வர்ணக் குச்சியைச் சுரண்டிய பொடி.

மும்பையின் மழைக்காலம் இந்த வேலைக்கு எதிரி. காற்றில் ஈரம் மிகுந்தால் லாக்கர் வகை வர்ணமும் மேட் வார்னிஷும் வெள்ளை பூத்துவிடும். காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரில் தண்ணீர் சேர்ந்து, வர்ணம் தெளிக்கும் ஏர்பிரஷ் கருவி துப்பும். ஆகவே மழை மாதங்களில் ஒட்டும் வேலை, நவராத்திரிக்குப் பிறகு வர்ணம் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நாட்களில் மாட்டுங்கா வீடுகளில் கொலுப்படிக்குக் கீழே கடுகு முளைக்கவிட்டு, கண்ணாடியைக் குளமாக்கிப் பிள்ளைகள் பூங்கா அமைப்பார்களே, டாங்கியை நிறுத்த நாங்கள் செய்யும் களமும் அந்த வேலைதான். அந்தப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடுகிறது.

போர் வண்டியை ஏன் இவ்வளவு ஆசையாகச் செய்யவேண்டும் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் அருண் கேத்தர்பால், தீப்பற்றிய தன் செஞ்சுரியன் டாங்கியைக் கைவிட மறுத்துப் போரிட்டு உயிர் நீத்தார். அவருக்கு வயது 21. இறந்த பிறகு பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அவர் வண்டியின் பெயர் ஃபமகுஸ்டா. அதைச் செய்கிறவர் எரிந்த தடத்தை அலங்காரமாகத் தீட்டக்கூடாது. குண்டு எங்கே பட்டது, அந்த நேரத்தில் உள்ளே யார் எங்கே இருந்தார்கள் என்று படித்துவிட்டுத்தான் தூரிகையைத் தொடவேண்டும். தெரியாத அடியைக் கற்பனையாகச் சேர்க்காமல் விட்டுவிடுவது மேல்.

ஃபமகுஸ்டா இன்று அகில்யாநகரில், அதாவது பழைய அகமதுநகரில், கவசப் படை மையத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதே ஊரில் டாங்கி அருங்காட்சியகமும் இருக்கிறது. மும்பையிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். போகிறவர்கள் வண்டியின் முன்னால் நின்று எடுக்கும் படத்தோடு நிறுத்திவிடாமல், அனுமதி இருக்கும் இடங்களில் மட்கார்டின் அடிப்பக்கம், சக்கர விளிம்பு, பற்றவைப்புத் தழும்பு ஆகியவற்றையும் பக்கத்தில் போய்ப் படம் எடுங்கள். அருங்காட்சியகத்தில் வண்டிக்கு மறுபடி வர்ணம் அடித்திருப்பார்கள். நிறத்தை நம்பாதீர்கள், வடிவத்தை நம்புங்கள்.

தொடங்க நினைப்பவர்கள் விலை குறைந்த, பாகங்கள் குறைவான கிட் ஒன்றை வாங்குங்கள். ஏர்பிரஷ் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு தூரிகையும் ஒரு பஞ்சுத் துண்டும் போதும். தின்னர் வாடை மூச்சுக்குக் கெடுதல். ஜன்னலைத் திறந்து வைத்து, வேதிப்புகையை வடிகட்டும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். குழந்தைகள் இருந்தால் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கை மட்டும் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.