காலி டிரம்முக்குள் இருப்பது

நேயர்களுக்கு வணக்கம்.

பெயிண்ட், பசை, அச்சு மை, ரப்பர் எனப் பல தொழில்களில் கரைப்பானாகப் புழங்கும் டொலுவீன் என்ற திரவத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். தின்னர் என்று விற்கப்படும் கலவைகள் பலவற்றிலும் இது உண்டு. தொழிற்சாலைப் பாதுகாப்பைக் கவனிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: டொலுவீன் நிரம்பிய டிரம்மைவிட, தீர்ந்துபோன டிரம்மைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

டொலுவீனில் எரிவது அதன் ஆவி. காற்றில் அந்த ஆவி ஏறக்குறைய 1.1 முதல் 7.1 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பற்றும். அதற்குக் குறைந்தால் எரிய ஆவி போதாது, கூடினால் காற்று போதாது. சுமார் 4 டிகிரி செல்சியஸிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி கிளம்பிவிடுகிறது. 20 டிகிரியில், மூடிய டிரம்மில் திரவத்துக்கு மேலே உள்ள காற்றில் ஆவி 3 சதவீதம் அளவுக்கு இருக்கும். பெட்ரோல் டாங்கிக்குள் சாதாரணமாக ஆவி மிதமிஞ்சி இருப்பதால் உள்ளேயே பற்றுவது அரிது. டொலுவீனிடம் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. நாம் வியர்க்காமல் வேலை செய்யும் வெப்பநிலைதான் அது வெடிப்பதற்கும் தோதானது.

இப்போது 200 லிட்டர் டிரம்மை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள காற்றை வெடிக்கும் கலவையாக்க எவ்வளவு டொலுவீன் வேண்டும்? கணக்குப் போட்டால் பத்துப் பதினோரு மில்லி வருகிறது, அதாவது இரண்டு தேக்கரண்டி. டிரம்மைக் கவிழ்த்து வடித்த பிறகும் அடி விளிம்பின் மடிப்பில் அவ்வளவு தாராளமாகத் தங்கியிருக்கும். அதை நெடுக்காக வெட்டித் தொட்டியாக்கலாம் என்று ஒருவர் கேஸ் கட்டரை வைக்கிறார். அடித்தகடு பிய்த்துக்கொண்டு பறக்கிறது. "தண்ணீர் விட்டு அலசிவிட்டேனே" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கும். டொலுவீன் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. லேசானது என்பதால் மிதக்கும், பிறகு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தீர்ந்த டிரம்மை மூடியை இறுக்கி, முறையாகச் சுத்தம் செய்யும் நிறுவனத்திடம் அனுப்பிவிடுவதே சரி. வெட்டுவது, வெல்டிங் வைப்பது, துளை போடுவது, எதுவும் வேண்டாம்.

நெருப்பே வைக்கவில்லையே, பிறகு எப்படிப் பற்றியது என்று கேட்பவர்கள் உண்டு. நிலைமின்சாரம் என்பதே பெரும்பாலும் பதில். டொலுவீன் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும் திரவம். குழாயில் ஓடும்போதும், உயரத்திலிருந்து வாளியில் சிதறி விழும்போதும் மின்னூட்டம் சேரும், சீக்கிரம் வடியாது. அதன் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் கால்பங்கு ஆற்றல் போதும். கதவுக் கைப்பிடியைத் தொட்டு 'சுருக்' என்று கையை இழுத்துக்கொள்கிறோமே, அந்தப் பொறியிலேயே அதைவிட அதிகம் இருக்கிறது.

ஆகவே டிரம்மையும் வாங்கும் பாத்திரத்தையும் ஒரு கம்பியால் இணைத்து, டிரம்மை எர்த் செய்த பிறகே திருகைத் திறக்க வேண்டும். இதிலும் ஒரு கூத்து நடக்கிறது. கிளிப்பைப் பளபளக்கும் பெயிண்ட் பூச்சின் மேலேயே கவ்வவிட்டுப் போய்விடுவார்கள். பார்வைக்குக் கம்பி இருக்கும், மின்சாரத்துக்குப் பாதை இருக்காது. கிளிப்பின் பல் வெற்று உலோகத்தைக் கடிக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளிக்கு எந்தக் கம்பியைக் கட்டியும் பயனில்லை, உலோகப் பாத்திரமே வேண்டும். ஊற்றும் குழாய் பாத்திரத்தின் அடிவரை இறங்கியிருக்கட்டும். குழாயின் நுனி திரவத்தில் மூழ்கும்வரை வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. அவசரக்காரர்களுக்கு இது பிடிக்காது. பிடிக்கவும் வேண்டாம், செய்தால் போதும்.

இந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது. தரையோடு ஊர்ந்து, குழியிலும் வடிகாலிலும் தேங்கி, தூரத்தில் எரியும் அடுப்பைக்கூட எட்டும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூரைக்குப் பக்கத்தில் மட்டும் மாட்டியிருக்கும் கூடங்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும். உறிஞ்சும் வாய் தரைமட்டத்திலும் இருக்க வேண்டும், அதன் மோட்டாரும் தீப்பொறி வெளிவராத வகையாக இருக்க வேண்டும்.

உடலுக்கு வரும் கெடுதல், ஆவி தீப்பற்றும் அளவை எட்டுவதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். பத்து லட்சத்தில் 500 பங்கு ஆவி இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்திருக்கிறது; தீப்பற்றும் கீழ் எல்லையோ 11,000 பங்கு. தலைவலி, தள்ளாட்டம், காரணமில்லாத உற்சாகம் எல்லாம் வெளியே காற்றாட வந்துவிட வேண்டும் என்பதற்கான அறிகுறிகள். வாசனை மறைந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். மூக்கு பழகியிருக்கும், ஆவி அங்கேயே இருக்கும்.

தீப்பிடித்தால் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். எரியும் திரவம் தண்ணீர் மேல் மிதந்தபடி அடுத்த டிரம்மைத் தேடிப் போகும். சிறிய தீயென்றால், பயிற்சி பெற்றவர் நுரை, உலர்தூள் அல்லது கார்பன் டை ஆக்சைடு அணைப்பானால் சமாளிக்கலாம். தீ டிரம்களை நெருங்கிவிட்டால் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். தீயணைப்பு வீரர்கள் வந்ததும் உள்ளே எத்தனை டிரம்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லுங்கள். தீர்ந்த டிரம்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.