மலை இறக்கத்துல நியூட்ரல் போட்டா பெட்ரோல் மிச்சமாகுமா?

அடுத்த கேள்வி சேலத்துல இருந்து. "அண்ணா, என்னோடது பெட்ரோல் கார், மேனுவல் கியர். அடிக்கடி ஏற்காடு போய்ட்டு வர்றேன். இறங்கும்போது கியர்ல விட்டா ஆர்பிஎம் முள்ளு 3000 வரைக்கும் ஏறி எஞ்சின் கத்துது. நியூட்ரல் போட்டா முள்ளு 800-ல நிக்குது. அப்ப நியூட்ரல்ல இறங்குனா தானே பெட்ரோல் மிச்சம்? எங்க மாமா ரொம்ப வருஷமா அப்படித்தான் இறக்குறார்"னு கேட்டிருக்கார்.

இல்ல தம்பி, விஷயம் அப்படியே தலைகீழ். நீங்க கியர்ல இறங்குறப்போ தான் பெட்ரோல் செலவே ஆகல. நியூட்ரல்ல தான் ஆகுது.

அந்த முள்ளு எஞ்சின் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு காட்டும், அவ்வளவு தான். யார் சுத்த வைக்கிறாங்கன்னு காட்டாது. பேட்டரி டவுன் ஆன வண்டிய செகண்ட் கியர் போட்டு தள்ளி ஸ்டார்ட் பண்ணுவோம்ல? அங்க சக்கரம் தானே எஞ்சினைச் சுத்துது? இறக்கத்துலயும் அதே தான் நடக்குது. கியர் விழுந்திருக்கு, ஆக்ஸிலேட்டர்ல கால் இல்ல, வண்டி தன் எடையில உருளுது, சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுத்துது. எஞ்சினை ஓட வைக்க பெட்ரோல் தேவையில்லன்னு உள்ள இருக்குற கம்ப்யூட்டருக்குத் தெரியும். பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரை மூடிடும். 3000 ஆர்பிஎம்ல கத்துனாலும் ஒரு சொட்டு இறங்காது. வேகம் குறைஞ்சு முள்ளு ஆயிரத்துச் சொச்சத்துக்கு வர்றப்போ தான், வண்டி ஆஃப் ஆகிடக் கூடாதுன்னு மறுபடி ஊத்த ஆரம்பிக்கும்.

நியூட்ரல்ல என்ன ஆகுது? சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பு அறுந்துடுச்சு. இப்ப எஞ்சின் தானா நின்னு ஓடணும், அதுக்குப் பெட்ரோல் வேணும். சின்ன கார் சும்மா நின்னு ஓடுனாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல குடிக்கும், ஏசி போட்டா இன்னும் கூட. ஏற்காட்டுல இருந்து அடிவாரம் வர முக்கால் மணி நேரம்னு வெச்சுக்குங்க, கிட்டத்தட்ட அரை லிட்டர். கியர்ல வந்தா அதுல பெரும்பகுதி மிச்சம். முழுசும்னு சொல்ல மாட்டேன். கொண்டை ஊசியில கிளட்ச் மிதிப்பீங்க, நடுவுல லேசா ஆக்ஸிலேட்டர் தொடுவீங்க, அங்கெல்லாம் கொஞ்சம் போகும். காலைல எஞ்சின் குளிர்ந்திருக்குறப்போ கிளம்புனா சில வண்டியில முதல் சில நிமிஷம் இந்த கட் ஆகுற வேலையே நடக்காது.

நம்ப முடியலன்னா மீட்டர்ல உடனடி மைலேஜ் காட்டுற பட்டை இருக்கான்னு பாருங்க. இறக்கத்துல கியர்ல காலை எடுத்ததும் அந்தப் பட்டை கடைசி முனைக்கு ஓடிடும், சில வண்டியில 99.9னு நிக்கும். பக்கத்துல உட்கார்ந்திருக்குறவங்கள பார்க்கச் சொல்லுங்க, நீங்க ரோட்டைப் பாருங்க.

மாமாவைக் குறை சொல்லாதீங்க. அவர் ஓட்டிப் பழகுனது அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 மாதிரி கார்புரேட்டர் வண்டியா இருந்திருக்கும். அதுல பெட்ரோலை நிறுத்துற கம்ப்யூட்டர் கிடையாது. எஞ்சின் சுத்துற வரைக்கும் அது காத்தை உறிஞ்சுற உறிஞ்சல்ல பெட்ரோலும் வந்துக்கிட்டே இருக்கும், வேகமா சுத்துனா கூட வரும். அந்த வண்டிக்கு அவர் கணக்கு சரி தான். 2000-க்கு அப்புறம் இன்ஜெக்டர் வண்டிங்க பரவுனதுல அந்தக் கணக்கு செத்துப் போச்சு. கம்ப்யூட்டர் சொல்றபடி டீசல் தெளிக்கிற காமன் ரெயில் வண்டியும் இன்ஜெக்டர் வண்டி மாதிரி தான்.

காசு போகட்டும். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், சேலம் பக்கமா வந்தா 20 கொண்டை ஊசி. நியூட்ரல்ல வந்தா வண்டியைப் பிடிக்கிற வேலை மொத்தமும் பிரேக் தலையில தான் விழும். விடாம மிதிச்சுக்கிட்டே வந்தா பிரேக் பேட் சூடாகி தீஞ்ச வாடை அடிக்கும், பிரேக் ஆயில் கொதிச்சா மிதி பஞ்சு மாதிரி உள்ள போயிடும். ஆயில் பழசா இருந்தா அது இன்னும் சீக்கிரம் நடக்கும். மலைக்குப் போய்ட்டு வந்த வண்டிய திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்புல தூக்கிப் பார்த்தா டிஸ்க் நீலம் பாரிச்சு நிக்கும். மிச்சம் பிடிச்சோம்னு நினைச்ச காசு பேட் மாத்தவே போயிடும்.

இன்னும் சிலர் சாவியையே ஆஃப் பண்ணி இறக்குறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். எஞ்சின் நின்னா பவர் பிரேக்குக்கு ரெண்டு மூணு மிதி வரைக்கும் தான் உதவி இருக்கும், அப்புறம் கட்டை மாதிரி ஆகிடும். ஸ்டீயரிங் கல்லாகும். சாவியை உருவிட்டா ஸ்டீயரிங்கே பூட்டிக்கும்.

அதனால ஏறுன கியர்லயே இறங்குங்க. பெரும்பாலும் செகண்ட், நேரா இருக்குற இடத்துல தேர்ட். 3000-ல கத்துதேன்னு பயப்படாதீங்க, உங்க எஞ்சினோட சிவப்புக் கோடு 6000 பக்கம் இருக்கு. ஆட்டோமேட்டிக் வெச்சிருக்குறவங்க டி-யிலயே விட்டுடாம எல், எஸ், இல்ல மேனுவல் மோடு, எது இருக்கோ அதைப் போடுங்க.

சேலம் டவுனுக்குள்ளயும் இதே சூட்சுமம் தான். தூரத்துல சிக்னல் சிவப்பு தெரியுதா? அப்பவே ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு கியர்லயே உருள விடுங்க. சிக்னல் வரைக்கும் அழுத்திட்டுப் போய் பிரேக்கை மிதிக்கிறது, எரிச்ச பெட்ரோலை பிரேக் சூட்டுல கொட்டுறது தான். அஞ்சு ரோடு மாதிரி நெரிசல்ல கூட முன்வண்டிக்குக் கொஞ்சம் இடம் விட்டு ஓட்டுனா மைலேஜ்ல வித்தியாசம் தெரியும். டயர் காத்து, வாரம் மாறி வாரம், வண்டி சூடாகுறதுக்கு முன்ன, கதவு ஓரத்துல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர் அளவுக்கு. அதுக்கு மேல தனியா ஒண்ணும் இல்ல. அடுத்து ஒருத்தர் நைட்ரஜன் காத்து பத்தி கேட்டிருக்கார், அதுக்குப் போவோம்.