இரண்டு கண்கள், நான்கு பேர்

எல்லாருக்கும் வணக்கம். கண்தான இருவார விழா மேடை இது. நான் டாக்டர் இல்லை, அதனால் எனக்குப் பிடித்த ஒரு நடிகரை வைத்துப் பேசுகிறேன். புனீத் ராஜ்குமார். கன்னட மக்களுக்கு அவர் அப்பு.

நம்ம தாளவாடிக்குப் பக்கத்தில் இருக்கிற தொட்டகாஜனூர்தான் அவருடைய அப்பா டாக்டர் ராஜ்குமாரின் ஊர். அப்பு பிறந்தது 1975-ல், சென்னையில். சின்னப் பையனாக நடித்து தேசிய விருது வாங்கினார், வளர்ந்து பெரிய ஹீரோ ஆனார். சினிமா பற்றி இது போதும். பாட்டுப் பாடிக் கிடைத்த சம்பளத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார். மைசூரில் அவருடைய அம்மா பர்வதம்மா தொடங்கிய சக்திதாமாவில், ஆதரவில்லாத பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணையாக நின்றார். செய்ததை வெளியே சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது, பலருக்கும் இதெல்லாம் அவர் போன பிறகுதான் தெரிந்தது.

2021 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. மாரடைப்பு, வயது 46. பெங்களூரே தெருவில் நின்று அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில் அவர் கண்கள் தானமாகப் போய்விட்டன. ஒவ்வொரு கருவிழியையும், அதாவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி மாதிரி இருக்கிற பகுதியை, மேலடுக்கு, உள்ளடுக்கு என்று பிரித்து, யாருக்கு எந்த அடுக்கு கெட்டிருந்ததோ அதை மட்டும் மாற்றினார்கள், மறுநாளே நான்கு பேருக்கு. அதற்கப்புறம் கர்நாடகத்தில் கண்தானத்துக்குப் பெயர் கொடுக்க ஜனங்கள் குவிந்தார்கள்.

அந்தத் துக்கத்தில் அந்தக் குடும்பத்துக்கு எப்படி ஞாபகம் வந்தது? 1994-லேயே பெங்களூர் நாராயண நேத்ராலயாவில் தன் பெயரில் கண் வங்கி தொடங்கியபோது ராஜ்குமார் வீட்டோடு முடிவு செய்துவிட்டார். 2006-ல் அவர் கண்களும் தானமாகத்தான் போயின. அதாவது வீட்டில் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் பேசி வைக்கவில்லை. அப்பா இறந்த அன்று சொந்தக்காரர்களுக்குப் போன் பண்ணினோம், பந்தல் போட்டோம், ஃப்ரீசர் பெட்டிக்கு ஆள் அனுப்பினோம், மாலை வாங்கினோம். கண் ஞாபகம் எனக்கு வந்தது மறுநாள் சுடுகாட்டில், சாம்பலுக்குப் பால் தெளிக்கும்போது. எண்பது வயதிலும் கண்ணாடி போட்டு தினத்தந்தியை ஒரு வரி விடாமல் படித்த கண்கள் அவை. இன்றைக்கும் அதை நினைத்தால் ஆறவில்லை எனக்கு.

கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை ஆபரேஷன் பண்ணினவர், எல்லாரும் கொடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். உயிர் பிரிந்ததும் இமைகளை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், ஃபேனை நிறுத்துங்கள், தலைக்கு ஒரு தலையணை வைத்து உயர்த்துங்கள், கண் வங்கிக்குப் போன் பண்ணுங்கள். அவர்கள் வீட்டுக்கே வருவார்கள். முகம் விகாரமாகாது.

கதவுப் பக்கத்து மேஜையில் படிவம் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டுச் சும்மா போகாதீர்கள். அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் உங்கள் மகனும் மகளும்தான், இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.