தினமும் மன்னிப்பு கேட்டும் அதே பாவம் திரும்பத் திரும்ப வருதே, ஏன்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. ஒரு சகோதரி எழுதியிருக்காங்க: "தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபம் பண்றேன். ராத்திரி படுக்கும்போது, ஆண்டவரே, இன்னைக்கு நான் செஞ்ச பாவங்களை மன்னியும்னு கேக்கிறேன். ஆனா வீட்டுல அதே கோபம், வேலையில அதே சின்னச் சின்னப் பொய். என் விசுவாசம் உண்மைதானா?"

சகோதரி, விசுவாசம் இல்லாதவங்களுக்கு இந்தக் கவலையே வராது. உங்க விசுவாசத்துல குறை தேட வேண்டாம். மன்னிப்பு கேக்கிற முறையைக் கொஞ்சம் பாப்போம். நீங்க மொத்தமா கேக்கிறீங்க. லேவியராகமம் 5:5 பாருங்க, ஒருத்தன் எந்தக் காரியத்துல குற்றப்பட்டானோ அதை அறிக்கை பண்ணணும்னு இருக்கு. "கோபப்பட்டேன்"னு சொன்னா அதுல ஒண்ணும் பிடிபடாது. "வேலை முடிஞ்சு வந்த உடனே, பையன் கணக்குத் தப்பாப் போட்டதுக்கு, அவனை எல்லார் முன்னாடியும் முட்டாள்னு சொன்னேன்"னு சொல்லிப் பாருங்க. யாரைக் காயப்படுத்தினோம், எந்த நேரத்துல, எவ்வளவு களைப்புல இருந்தோம், எல்லாம் அதுக்குள்ளேயே வந்துடும். நாளைக்கு எங்க ஜாக்கிரதையா இருக்கணும்னும் தெரிஞ்சிடும்.

இதைப் படுக்கையில பண்ணாதீங்க, தூக்கம் ஜெயிச்சிடும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம் உக்காருங்க. முதல்ல அன்னைக்குக் கிடைச்ச நன்மைகளுக்கு ஸ்தோத்திரம். இதைத் தாண்டிப் போயிடாதீங்க. நேரா குற்றத்துல ஆரம்பிச்சா தேவனை ஒரு போலீஸ்காரர் மாதிரிதான் பாப்போம். அப்புறம் சங்கீதம் 139:23, 24, "என்னை ஆராய்ந்து பாரும்"ங்கிற ஜெபம். பிறகு காலையிலிருந்து வரிசையா, எந்த இடம், எந்த ஆள், என்ன பேசினோம், போன்ல என்ன எழுதினோம்னு நடந்து வாங்க. ஒண்ணு ரெண்டு இடத்துல மனசு உறுத்தும். அதைப் பேர் சொல்லி அறிக்கை பண்ணுங்க. 1 யோவான் 1:9-ல வாக்குத்தத்தம் இருக்கு, மன்னிப்பு கிடைச்சதுன்னு விசுவாசிச்சு எழுந்திருங்க. அதையே திருப்பித் திருப்பிக் கிளறாதீங்க.

ஆனா அதோட நிறுத்தினா பழையபடி வந்துடும். வீட்டைப் பெருக்கி ஜோடிச்சு வெறுமையா வச்சா, ஒருத்தனை விட்டுப் போன அசுத்த ஆவி தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளோட திரும்பி வரும்னு மத்தேயு 12-ல இயேசு சொல்றாரு. எபேசியர் 4-ஐ எடுங்க. பவுல் எதையும் வெறுமனே விடச் சொல்லல. பொய்யைக் களைஞ்சு மெய்யைப் பேசு. திருடுறவன் இனித் திருடாம, கையால வேலை செஞ்சு, குறைச்சல் உள்ளவனுக்குக் கொடுக்கட்டும். கவனிச்சீங்களா, திருடாம இருந்தா மட்டும் போதாது, எடுத்த கை கொடுக்கிற கையா ஆகணும். கெட்ட வார்த்தைக்குப் பதிலா, கேக்கிறவங்களுக்குப் பிரயோஜனமான வார்த்தை. உங்க விஷயத்துல, பையனைத் திட்டுற அந்த நேரத்துக்கு என்ன வைக்கப் போறீங்க? வீட்டுக்குள்ள வந்ததும் முதல் பேச்சு பாடத்தைப் பத்தி இருக்காதுன்னு முடிவு பண்ணுங்க. திருத்த வேண்டியதைத் தனியா, சாப்பிட்ட பிறகு சொல்லுங்க. வேலையில "அப்பவே அனுப்பிட்டேனே"ங்கிற பொய்க்கு, "இன்னும் முடிக்கல, நாளைக்குக் காலையில தர்றேன்"ங்கிற வாக்கியத்தை முன்னாடியே தயாரா வச்சிருங்க. மாட்டிக்கிட்ட நேரத்துல உண்மையைத் தேடினா வாய்ல வராது.

ஒரே சமயத்துல பத்துக் குறையைப் பிடிக்காதீங்க, ஒண்ணும் நடக்காது. 16-ம் நூற்றாண்டுல இக்னேஷியஸ் லொயோலாங்கிற கத்தோலிக்கக் குரு ஒரு வழிமுறை சொல்லிக்கொடுத்தாரு. ஒரே ஒரு குறையை எடுத்துக்கணும். காலையில எழுந்ததும் தீர்மானம், மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கணக்குப் பாக்கணும். ஒரு நாளைக்கு ரெண்டு கோடு போட்டு, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வச்சு, நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் ஒப்பிடணும். கத்தோலிக்க முறைன்னு நம்மில் சிலர் ஒதுக்கிடுவாங்க. எனக்கு அதுல வேதத்துக்கு விரோதமா ஒண்ணும் தெரியல. புள்ளிகள் புண்ணியக் கணக்கு ஆகாம இருந்தாப் போதும். தீத்து 2:11, 12-ல வரிசையைப் பாருங்க. முதல்ல கிருபை பிரசன்னமாகுது, அந்தக் கிருபைதான் அவபக்தியை வெறுக்க நமக்குப் போதிக்குது.

இப்ப பெரும்பாலானவங்க தாண்டிப் போற இடத்துக்கு வர்றேன். ஈடு செய்றது. லேவியராகமம் 6-ல அடுத்தவன் பொருளை ஏமாத்தி வாங்கினவன் முதலையும், அதோட ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து உடையவன்கிட்ட கொடுக்கணும். நூறு எடுத்தா நூத்தி இருபது. அதைச் சொன்ன பிறகுதான் ஆட்டுக்கடா பலியைப் பத்தி வருது. மத்தேயு 5:23, 24-லயும் இதே வரிசைதான், காணிக்கையைப் பலிபீடத்து முன்னாடி வச்சிட்டுப் போய் முதல்ல சகோதரனோட ஒப்புரவாகு. வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமா வாங்கினதை நாலத்தனையா, அதாவது நாலு மடங்கா, திருப்பித் தர்றேன்னு இயேசுகிட்ட சொன்னான். அது யாத்திராகமம் 22:1-ல ஆட்டைத் திருடினவனுக்கு உள்ள தண்டனை. அவன் தன்னைத் திருடன்னே ஒத்துக்கிட்டான். அதனால நீங்க பையன்கிட்ட போய், "எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னது என் தப்பு"ன்னு சொல்லணும். எல்லார் முன்னாடியும் சொன்னதுன்னா, மன்னிப்பும் அவங்க முன்னாடியே. "ஆனா நீயும்..."னு பின்னாடி சேர்க்காதீங்க, அந்த நிமிஷமே அது மன்னிப்பா இல்லாமப் போயிடும். வேலை இடத்துல உங்க பொய்யால வேற ஒருத்தர் பேரு கெட்டிருந்தா, யார்கிட்ட கெட்டதோ அவர்கிட்டயே போய்ச் சரி பண்ணணும்.

விழுந்துட்டா பேதுருவும் யூதாசும் ஞாபகம் இருக்கட்டும். பேதுரு இயேசுவைத் தெரியாதுன்னு மறுதலிச்சாரு, யூதாஸ் அவரைக் காட்டிக்கொடுத்தான். ரெண்டு பேருமே வருத்தப்பட்டாங்க. ஒருத்தர் இயேசுகிட்ட திரும்பி வந்தாரு, இன்னொருத்தர் வரல. 2 கொரிந்தியர் 7:10 பேசுற ரெண்டு விதமான துக்கம் அதுதான்.

ஒரு மாசம் இப்படிச் செஞ்சும் ஒரு பாவம் அசையவே இல்லைன்னா, தனியாப் போராடாதீங்க. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கை பண்ணச் சொல்லுது. ரகசியம் காக்கத் தெரிஞ்ச, முதிர்ந்த ஒரு சகோதரிகிட்ட சொல்லி, வாரத்துக்கு ஒரு தடவை உங்களை நேராக் கேக்கச் சொல்லுங்க. இதைக் கேக்கிற யாருக்காவது குடி, கை நீட்டுற அளவுக்குக் கோபம்னு இருந்தா, ஜெபத்தோட மருத்துவர்கிட்டயும் போங்க, வீட்டுல இருக்கிறவங்க பாதுகாப்பை முதல்ல பாருங்க.

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.