மனம் திருந்தும்வரை பந்தி காத்திருக்குமா?

அவையோருக்கு வணக்கம். "மனிதன் இயல்பிலேயே நல்லவனா? பக்தி அவனை நல்லவனாக்குகிறதா?" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றமாக இருந்தால் இரண்டு அணியாகப் பிரித்து, நடுவர் கடைசியில் இரண்டு பக்கமும் சரிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். தனியாக நிற்கிறவனுக்கு அந்த வசதி இல்லை.

மாமல்லபுரத்துக்குப் போகாதவர்கள் இந்த அவையில் குறைவாகத்தான் இருப்பீர்கள். அங்கே அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்கிற, ஏறத்தாழ முப்பது மீட்டர் நீளமுள்ள பாறைச் சிற்பம் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகளின் வேலை. மேலே ஒரு முனிவர் ஒற்றைக் காலில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறார். விலா எலும்பை எண்ணலாம். பார்க்கிறவர்கள் அவரைப் பார்ப்பார்கள், யானைகளைப் பார்ப்பார்கள், யானைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெரிய யானையின் காலடியில்தான் நம்முடைய ஆள் இருக்கிறார். ஒரு பூனை. முனிவரைப் போலவே முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறது. சுற்றிலும் எலிகள் நம்பிக்கையோடு நிற்கின்றன.

அந்தப் பூனையின் கதை மகாபாரதத்தில், உத்தியோக பருவத்தில் வருகிறது. கங்கைக் கரையில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பூனையைப் பெரிய தவசி என்று எலிகள் நம்புகின்றன. "எனக்கு வயதாகிவிட்டது, ஆற்றங்கரைக்குப் போகத் துணை வேண்டும்" என்கிறது பூனை. எலிகள் துணைக்குப் போகின்றன. எலிக் கூட்டம் குறைகிறது, பூனை கொழுக்கிறது. கடைசியில் முதிய எலி ஒன்று கேட்கிறது: காயும் கிழங்கும் தின்கிறவரின் கழிவில் மயிர் எப்படி வந்தது? ஒரு தடயவியல் நிபுணர் கேட்க வேண்டிய கேள்வி!

இந்தக் கதையை அங்கே சொல்வது யார் தெரியுமா? வியாசரும் சொல்லவில்லை, பீஷ்மரும் சொல்லவில்லை. துரியோதனன் சொல்கிறான். போருக்கு முன்னால் உலூகனிடம் சொல்லி, தருமனுக்குத் தூது அனுப்புகிறான்: நீ அந்தப் பூனையைப் போன்றவன், தருமம் பேசிக்கொண்டு என் நாட்டை விழுங்கப் பார்க்கிறாய் என்று. பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வரச் சொன்ன அதே வாய்! ஆகவே வேடதாரி என்று ஒருவரைச் சுட்டுகிற விரலையும் நாம் கொஞ்சம் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் சில்லறைக் குற்றவாளிகளை விடுதலை செய்துவிடுகிறேன். கோயில் டியூப்லைட்டில் "உபயம்" என்று எழுதி வெளிச்சத்தை மறைக்கிறவரைப் பார்த்து நாம் நிறையச் சிரித்தாயிற்று. அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. பெயருக்காகக் கொடுத்தார், கொடுத்துவிட்டார், மிச்ச வெளிச்சத்தில் நாம் சாமி பார்க்கிறோம். வள்ளுவர் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியது இவருக்காக அல்ல. அதைத் துறவறவியலில் வைத்தார். ஊருக்கு ஒழுக்கம் சொல்லும் இடத்தில் இருக்கிறவனுக்குத்தான் அந்த அதிகாரம்.

அதில் முதல் குறள், "வஞ்ச மனத்தான் படிற்றொழுக்கம் பூதங்கள் ஐந்தும் அகத்தே நகும்." உடம்பிலே இருக்கிற ஐம்பூதங்களும் உள்ளுக்குள் சிரிக்குமாம். எனக்கு வள்ளுவரிடம் ஒரு சிறிய சந்தேகம். அந்தச் சிரிப்பு நமக்குக் கேட்கிறதா?

அமெரிக்காவில் டேனியல் பேட்சன் என்ற உளவியல் அறிஞர் 1990களில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்றில் பரிசுச் சீட்டு கிடைக்கும், மற்றது சலிப்பானது, ஒன்றும் கிடைக்காது. உங்களுக்கு எது, முகம் தெரியாத இன்னொருவருக்கு எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வேண்டுமானால் காசு சுண்டிப் பார்க்கலாம்" என்று சொல்லி, ஒரு காசையும் கொடுத்துத் தனியே விட்டார். காசு சுண்டுவதுதான் நியாயம் என்று பெரும்பாலும் எல்லாருக்கும் தெரிகிறது. ஏறத்தாழப் பாதிப் பேர் சுண்டினார்கள். பூவா தலையா என்றால் பாதிக்குப் பாதிதானே விழ வேண்டும்? சுண்டியவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு நல்ல வேலை அவர்களுக்கே "விழுந்தது". சுண்டாமலே எடுத்துக்கொண்டவர்களைவிட, சுண்டிவிட்டு எடுத்துக்கொண்டவர்கள் தாங்கள் நியாயமாக நடந்ததாக அதிகம் நம்பினார்கள். இவர்கள் ஏமாற்றியது யாரை? பார்க்க ஆளே இல்லாத அறையில் தன்னைத்தான். ஐம்பூதமும் சிரித்திருக்கலாம், ஒருவர் காதிலும் விழவில்லை.

அதே சோதனையைப் பிறகு அவர்களுக்கு எதிரே ஒரு கண்ணாடியை வைத்துச் செய்தார்கள். தன் முகம் தனக்குத் தெரிய உட்கார்ந்து காசு சுண்டியவர்களின் முடிவு சரிபாதியாக வந்தது. அறை அதே அறை, காசும் அதே மாதிரிக் காசு. கண்ணாடி ஒன்றுதான் புதிது. உபதேசம் யாரும் செய்யவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை அறையில் நடந்ததை விட்டுவிடுவோம். பக்தி உள்ளவர்கள் எப்படி என்று கேட்பீர்கள். அதற்கும் இதே பேட்சன், ஜான் டார்லி என்பவரோடு சேர்ந்து 1970 டிசம்பரில் ஒரு சோதனை செய்தார். இடம் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி, ஆட்கள் பாதிரியார் படிப்புப் படிக்கிற நாற்பது மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும் என்று சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு, நல்ல சமாரியன். அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும், கோயில் ஊழியனான லேவியனும் விலகிக் கடந்து போக, வேற்று இனத்தான் என்று ஒதுக்கப்பட்டவன் நின்று காப்பாற்றினான் என்று இயேசு சொன்ன கதை. போகிற வழியில், ஒரு வாசலில், ஒருவர் தலை கவிழ்ந்து சுருண்டு உட்கார்ந்திருக்கிறார். இருமுகிறார், முனகுகிறார். ஆய்வாளர்கள் உட்கார வைத்த ஆள்தான் அவர்.

நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம் என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியன் தலைப்பைச் சுமந்துகொண்டு போனவர்கள் கொஞ்சம் கூடுதலாக உதவினார்கள்தான். ஆனால் அதைக் கதையின் பலன் என்று கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போன அவசரத்தில், முனகுகிறவரைத் தாண்டிக் காலை வைத்துப் போனவர்களும் உண்டு என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

இங்கேயே நிறுத்தினால் சாமியார்களைத் திட்டிவிட்டு உற்சாகமாக வீடு திரும்பலாம். ஆனால் அவர்கள் இன்னொன்றையும் எழுதினார்கள். நிற்காமல் போனவர்கள் உரை நிகழ்த்த வந்து சேர்ந்தபோது பதற்றமாக இருந்தார்கள். கல்நெஞ்சர்களாக இருந்தால் பதற்றம் எதற்கு? ஒருபுறம் காத்திருக்கிற ஆய்வாளர், ஒருபுறம் கிடக்கிற மனிதர். இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவி. 1920களின் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் அங்கே ஒரு தமிழ்க் குருகுலம் நடத்தினார். அவர் சாதாரண ஆள் அல்ல. லண்டனில் சட்டம் படிக்கப் போய், புரட்சிக்காரர்களோடு சேர்ந்து, பிரிட்டிஷ் அரசின் கண்ணில் மண்ணைத் தூவிப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர். திருக்குறள் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1916இல் வெளியிட்டவர். "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்" என்ற வரியையும், சற்று முன் நான் சொன்ன கூடாவொழுக்கத்தையும் எழுத்தெண்ணிப் படித்து மொழிபெயர்த்தவர். குருகுலமும் தேச விடுதலைக்காக இளைஞர்களை உருவாக்கத்தான். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அதற்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது.

அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு போடப்பட்டது. விஷயம் வெளியே வந்தது. காங்கிரஸ் தலைவர் வரதராஜுலு நாயுடுவும், அப்போது காங்கிரஸில் இருந்த ஈ.வெ.ராவும் கொதித்தார்கள். பொதுப் பணத்தில் நடக்கிற இடத்தில் பந்தியைப் பிரிப்பதா? ஐயர் தம்மளவில் சாப்பாட்டில் சாதி பார்த்தவரில்லை. பெற்றோர்களுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது என்பது அவர் பக்கம். காந்தியடிகளிடம் போனார்கள். இந்த இரண்டு பேர் இருந்துவிட்டுப் போகட்டும், இனி இப்படி யாரையும் சேர்க்க வேண்டாம் என்பது அவர் சொன்ன வழி. யாருக்கும் நிறைவில்லை. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார்.

அந்த வருடம் ஜூன் மாதம், பாபநாசத்தில் கல்யாண தீர்த்தம். அவருடைய மகள் சுபத்ரா தண்ணீரில் அகப்பட்டுக்கொள்கிறாள். காப்பாற்றப் போன ஐயர் திரும்பவில்லை.

இவர் நல்லவரா, வேடதாரியா? கிணற்றில் விழப் போகிற குழந்தையைக் கண்டால் எவன் நெஞ்சும் பதறும், அதுவே மனிதன் இயல்பில் நல்லவன் என்பதற்குச் சான்று என்றார் பழைய சீனத்துத் தத்துவ ஞானி மென்சியஸ். கல்யாண தீர்த்தத்தில் அதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. ஆனால் அங்கே விழுந்தது சொந்தக் குழந்தை. குருகுலத்தில் பந்திக்கு அப்பால் உட்கார வைக்கப்பட்டவை ஊரார் பிள்ளைகள். என் வழக்கே இதுதான். மனிதனிடம் நன்மை இருக்கிறது, ஐயமே வேண்டாம். ஆனால் அது இயல்பாகச் சுற்றிவரும் வட்டம் சின்னது. மதமும் அறநூலும் தேசியமும் நம் வாயில் பெரிய வட்டத்தை வைக்கின்றன: எல்லா உயிர்க்கும், யாதும் ஊரே, அயலானை நேசி. காலோ பழைய வட்டத்திலேயே சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளியில்தான் வேடம் குடியிருக்கிறது. பெரும்பாலும் வேடம் என்று தெரியாமலேயே.

அப்படியானால் மனத்தைத் திருத்த வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குறளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன மனத்தையே குறளால் முழுதாகத் திருத்த முடியவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஐயரின் எதிரிகள் அவர் மனத்தைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. பந்தி எங்கே போடப்படுகிறது என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல ஆன்ம பரிசோதனை தேவையில்லை, எட்டிப் பார்த்தால் போதும்.

1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு போனார். பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். இராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, பிறகு சட்டமே வந்தது. மறுத்தவர்கள் மனம் மாறுகிறவரை காத்திருப்பது என்றால், மீனாட்சி இன்னும் கொஞ்ச காலம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

காமராஜர் காலத்து மதிய உணவுக்கும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுக்கும் பசிக்கு அப்பால் ஒரு பயன் இருந்தது என்று நான் நினைக்கிறேன். பிள்ளைகள் ஒரே வரிசையில் தட்டோடு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு யாரும் பிறப்பொக்கும் என்று பாடம் நடத்தவில்லை. நடத்தியிருந்தாலும் பரீட்சைக்குத்தான் பயன்பட்டிருக்கும்.

அதற்காக வரிசை போட்டால் எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல மாட்டேன். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தபோது, அவர் கை பட்ட சோறு எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சிலர் தகராறு செய்தார்கள். அதிகாரி என்ன செய்தார்? தகராறு செய்தவர்களை விட்டுவிட்டு, சமைக்க வந்தவரை இடமாற்றம் செய்தார். அவர் கெட்டவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; பிரின்ஸ்டன் மாணவரைப் போல அவருக்கும் ஏதோ அவசரம் இருந்திருக்கலாம். போராட்டம் நடந்தது, இடமாற்றம் ரத்தானது, தகராறு செய்தவர்கள் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அந்தப் பெண் அதே பள்ளிக்குச் சமைக்கப் போனார்.

உங்களில் பலர் கோயில் அன்னதானக் கமிட்டிகளில், சர்ச் கமிட்டிகளில், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறீர்கள் என்று செயலாளர் சொன்னார். அங்கே யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், இலை எடுக்கிறவர் எந்தப் பந்தியில் சாப்பிடுகிறார் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் நான் கேட்கிறவனாக உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் பேசலாம். வணக்கம்.