ஒரே வீடு, இரண்டு தெரு
(செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பேசியது)

பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முகப்பில் நுழைந்து, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்தால் அடுத்த தெருவில் வெளியே வருவார்கள். அவ்வளவும் ஒரே வீடு!

இந்த வறண்ட மண்ணின் வீடுகளில் இத்தனை தேக்குத் தூண்கள் எப்படி வந்தன? 1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் போட்ட விவசாயிக்கு நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின், கடைகள் கடன் கொடுத்தன. அந்த லாபத்தில்தான் தேக்கு கப்பலேறியது. பெருமை பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1930-களில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாமல் போனது. முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் நகரத்தார் கைக்கு மாறியது. இந்தத் தூண்களில் அந்தப் பர்மா விவசாயியின் வியர்வையும் இருக்கிறது. 1942-இல் பர்மாவுக்குள் ஜப்பான் படை நுழைந்தது. இங்கே பெரிய வீடு கட்டுவதும் அதோடு சரி.

சுவரில் கன்னத்தை வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும்.

போன மாதம் காரைக்குடியில் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு நிலைக்கதவு சாத்தி வைத்திருந்தது. மஞ்சள், குங்குமம் இன்னும் அழியவில்லை. எந்த ஆச்சி வைத்த பொட்டோ! என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

விற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுக்கு இருபது பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். யார் செலவு செய்வது என்பதிலேயே வருஷங்கள் ஓடிவிடுகின்றன. அதற்குள் ஒரு ஓடு உடைந்து, உத்திரம் நனைந்து, கறையான் ஏறிவிடுகிறது. அப்புறம் பிரித்து விற்பதைத் தவிர வழி தெரிவதில்லை.

முன்னோர்களைக் கும்பிடும் படைப்புக்கு எல்லோரும் கூடுகிறீர்களே, அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் ஓடு மாற்றுகிற ஆளைக் கூப்பிட்டு ஏணி வையுங்கள். புள்ளிக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று அங்கேயே பிரித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் வேலை முடிந்துவிடட்டும்.