குடியரசுத் தலைவர் ரப்பர் ஸ்டாம்ப்தானா?

அடுத்த கேள்வி பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி அனுப்பியது. “நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர குடியரசுத் தலைவருக்கு வேறு வேலை உண்டா தம்பி? ரப்பர் ஸ்டாம்ப் என்கிறான் என் பேரன்.”

பேரன் சொல்வது பாதி சரி ஆச்சி. அமைச்சரவை ஆலோசனைப்படிதான் நடக்க வேண்டும் என்று 1976-ல் அரசியல் சட்டத்தின் 42-வது திருத்தம் கட்டாயமாக்கிவிட்டது. 1978-ல் 44-வது திருத்தம் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தது. ஒரு தடவை ‘மறுபடி யோசியுங்கள்’ என்று திருப்பி அனுப்பலாம். அதே ஆலோசனை திரும்ப வந்தால் ஏற்றே ஆக வேண்டும்.

அந்த ஒரு தடவையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1997-ல் உத்தரப் பிரதேசத்தின் கல்யாண் சிங் ஆட்சியைக் கலைக்கச் சொல்லி மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. கே.ஆர்.நாராயணன் திருப்பி அனுப்பினார். டெல்லியும் அந்தப் பேச்சை விட்டுவிட்டது, ஆட்சி தப்பித்தது. கலாமுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எம்.பி.க்கள் சில அரசுப் பதவிகளையும் வகிக்கலாம் என்ற ஆதாயப் பதவி மசோதாவை 2006-ல் அவர் திருப்பினார். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றி அனுப்ப, கையெழுத்திட வேண்டியதாயிற்று.

இதில் கெட்டிக்காரர் ஜெயில் சிங்தான். தபால்களை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா 1986-ல் அவரிடம் வந்தது. கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. பேசாமல் வைத்துக்கொண்டார்! இத்தனை நாளுக்குள் என்று அரசியல் சட்டத்தில் கெடு இல்லையே. அப்புறம், யாருக்கும் பெரும்பான்மை இல்லாத நாடாளுமன்றம் அமைந்தால் ஆட்சியமைக்க யாரை முதலில் அழைப்பது என்பதும் குடியரசுத் தலைவர் கையில்தான். 1979-ல் சஞ்சீவ ரெட்டி அழைத்துப் பிரதமரான சரண் சிங், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே ராஜினாமா செய்தார்.

நமக்கு நேரடியாக உறைக்கிற இடம் வேறு. குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் காரைக்குடி எம்.எல்.ஏ.வுக்கும் ஓட்டு உண்டு. 1971 மக்கள்தொகைக் கணக்குப்படி அதன் மதிப்பு 176. ஆனால் அதே எம்.எல்.ஏ. உட்கார்ந்திருக்கும் சட்டமன்றத்தின் மசோதாவை ஆளுநர் குடியரசுத் தலைவரின் முடிவுக்கென்று டெல்லிக்கு அனுப்பிவிட்டால் கதை மாறிவிடும். நாடாளுமன்ற மசோதா இரண்டாவது முறை வந்தால் கையெழுத்துப் போட்டே தீர வேண்டும். மாநில மசோதாவுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நம் நீட் விலக்கு மசோதா நிராகரிக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். பெயர்தான் குடியரசுத் தலைவருடையது ஆச்சி. அந்த முடிவும் மத்திய அமைச்சரவையின் ஆலோசனைப்படி எடுக்கப்படுவதுதான்.